12 டாலருக்கு ஒரு நாடகம்: எங்கள் ஹைஸ்கூல் மேடையில் ஓராண்டு

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், மிடில்செக்ஸ் கவுண்டியில். பள்ளியின் பெயரைப் போடவில்லை; எல்லாம் பதினாலிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள், பெயர் போட்டால் யார் யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். இந்தக் கல்வியாண்டில் அவர்கள் மேடையேற்றியதை எல்லாம் பார்த்தேன். நவம்பரில் ஒரு வசன நாடகம், டிசம்பரில் குளிர்காலக் கச்சேரி, ஜனவரி கடைசியில் மாணவர்களே இயக்கிய ஓரங்க நாடகங்கள், மார்ச்சில் பெரிய மியூசிக்கல், மே மாதம் இன்னொரு கச்சேரி. கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. நாடகத்துக்கு 12 டாலர், மியூசிக்கலுக்கு 15, மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் குறைவு. குடும்பத்தோடு போய் உட்கார்ந்தாலும் நியூயார்க் பிராட்வேயில் ஒரு நல்ல சீட்டுக்கு ஆகும் காசு ஆகாது.

என் மகள் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறாள், மார்ச்சில் பிட்டிலும், அதாவது மேடைக்கு முன்னால் உட்கார்ந்து நாடகத்துக்கு வாசிக்கும் இசைக்குழுவிலும், இருந்தாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இசையைப் பற்றி நான் புகழ்ந்தால் அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நடித்த பிள்ளைகளில் எனக்குச் சொந்தம் யாரும் இல்லை.

ஆண்டு முழுக்கப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: காசே செலவழிக்காமல் போட்ட நவம்பர் நாடகம்தான் ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி. எக்கச்சக்கமாகச் செலவழித்துப் போட்ட மியூசிக்கல் அதற்கு அடுத்துதான். அதிலும், பிள்ளைகள் ஒருவர் பேசுவதை இன்னொருவர் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்ட இடங்கள் எல்லாம் ஜெயித்தன, தன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நின்ற இடங்கள் எல்லாம் படுத்துவிட்டன.

நவம்பரில் போட்டது தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’. நம்ம ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது முதன்முதலாக மேடையேறியது 1938 ஜனவரியில், இங்கே பக்கத்தில் இருக்கும் பிரின்ஸ்டன் மெக்கார்ட்டர் தியேட்டரில்தான். அந்த ஆண்டே புலிட்சர் பரிசும் வாங்கியது. வைல்டர் 1920களில் அதே பக்கத்தில் லாரன்ஸ்வில் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்தவர். பள்ளிகள் இந்த நாடகத்தை விரும்பி எடுப்பதற்கு ஒரு காரணம் சட்டென்று புரியும். செட் கிடையாது, திரை கிடையாது. இரண்டு மேசை, கொஞ்சம் நாற்காலிகள், இரண்டு ஏணி, அவ்வளவுதான். பால் பாட்டில், காபி, செய்தித்தாள் எதுவுமே கையில் இருக்காது, எல்லாம் இருப்பதுபோல் நடிக்க வேண்டும். காசு மிச்சம்தான், ஆனால் நடிகருக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

கதை நியூ ஹாம்ப்ஷயரில் குரோவர்ஸ் கார்னர்ஸ் என்ற கற்பனை ஊரில் 1901-ல் தொடங்கி 1913-ல் முடிகிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டு எமிலியும் ஜார்ஜும் வளர்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிரசவத்தில் எமிலி இறந்துபோகிறாள். ஸ்டேஜ் மேனேஜர் என்று ஒரு பாத்திரம் நடுவில் நின்று, நேராக நம்மைப் பார்த்துப் பேசி, ஊரை அறிமுகம் செய்து, வேண்டிய இடத்தில் கதையை நிறுத்தி, நகர்த்தி, நடத்திக்கொண்டு போகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் பார்க்கும் வேலையேதான். கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நாடகம் அமெரிக்கர்களைவிடச் சுலபமாகப் பிடிபடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நடிகர் வேடத்திலிருந்து வெளியே வந்து சபையோடு பேசிவிட்டு மறுபடி வேடத்துக்குள் போவது நமக்குப் புதுசு இல்லை.

அந்தக் கட்டியங்காரன் வேடம் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பெண். முதல் வாக்கியத்திலேயே அவசரமில்லை. முதல் அங்கத்தில் பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி, அழுகை ஓயும்வரை நின்று, அதன்பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். முகம் சுளிக்கவும் இல்லை, சிரித்துச் சமாளிக்கவும் இல்லை. அந்த ஊரில் அந்தக் குழந்தைக்கும் ஒரு வீடு உண்டு என்பதுபோல இருந்தது.

அப்புறம் அந்த அவரைக்காய்க் காட்சி. எமிலியின் அம்மாவும் ஜார்ஜின் அம்மாவும் தோட்டத்தில் உட்கார்ந்து நார் எடுத்துக்கொண்டே பேசுகிறார்கள். மேடையில் காய் இல்லை, கிண்ணம் இல்லை. ஜார்ஜின் அம்மா திருமதி கிப்ஸாக வேடம் போட்ட பெண் காயின் நுனியை ஒடிக்கிறாள், நாரை அப்படியே கீழே இழுக்கிறாள், விரலில் ஒட்டிய நாரை ஏப்ரனில் தேய்க்கிறாள், காயை மடியில் போடுகிறாள். வீட்டில் இருக்கும் பழைய அலமாரியை விற்றால் பணம் வரும், அதில் ஒரு தடவை பாரிஸ் போய்ப் பார்க்கணும் என்று அவள் மெதுவாக வாயைத் திறக்கும்போது கை மட்டும் பாதியில் நின்றது. எதிரே இருந்த பெண் அதைப் பார்த்தாள், தன் கையை நிறுத்தாமல் பார்த்தாள். வசனத்தில் இல்லாத இந்த ஒரு பார்வையில் இரண்டு பேரும் எத்தனை வருஷம் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் என்பது தெரிந்துவிட்டது. நார் எடுக்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களுக்கு என் நன்றி.

ஏணிக்காட்சியும் அப்படித்தான். இரண்டு ஏணிதான் இரண்டு வீட்டு மாடி ஜன்னல்கள். எமிலி ஒன்றில், ஜார்ஜ் ஒன்றில், நடுவில் நிலா வெளிச்சம், அல்ஜீப்ரா ஹோம்வொர்க்கில் அவன் உதவி கேட்கிறான். லைட்டைப் போட்ட பிள்ளைகள் நீல வெளிச்சத்தைக் கொட்டாமல் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் வைத்தது பெரிய விஷயம், பள்ளி நாடகங்களில் இரவு என்றாலே மேடை முழுக்க நீலமாக்கி ஆளை மறைத்துவிடுவதுதான் வழக்கம்.

குறைகளும் உண்டு. பாதிப் பேர் நியூ இங்கிலாந்து உச்சரிப்பை முயன்றார்கள், மீதிப் பேர் முயலவில்லை, ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் வேறு வேறு மாநிலத்துக்காரர்கள் மாதிரி பேசினார்கள். அதை விட்டுவிட்டிருக்கலாம். இரண்டாம் அங்கத்தில் கல்யாணக் கூட்டமாக நிற்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது, பின்னால் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள், கண் அங்கேதான் போனது.

மூன்றாம் அங்கம் வந்ததும் இதெல்லாம் மறந்துபோனது. கல்லறைத் தோட்டம் என்று தனியாக எதுவும் இல்லை, வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் செத்துப்போனவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் குடைகளோடு சவ ஊர்வலம். அந்த நாற்காலிப் பிள்ளைகள், எல்லாம் பதினாறு பதினேழு வயது, அங்கம் முழுக்கத் தலையைத் திருப்பவே இல்லை. எமிலி ஒரே ஒரு நாள் திரும்பிப் போய் வாழ அனுமதி கேட்டு, தன் பன்னிரண்டாவது பிறந்தநாளைத் தேர்ந்தெடுக்கிறாள். அம்மா காலைச் சமையலில் மும்முரமாக இருக்கிறாள், மகளிடம் பேசிக்கொண்டேதான் இருக்கிறாள், ஆனால் ஒரு தடவைகூட நின்று முகத்தைப் பார்க்கவில்லை. எமிலியாக நடித்த பெண் இந்த இடத்தில் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகமாக்கிக்கொண்டே போனாள், நேரம் தீர்ந்துகொண்டிருப்பது அவளுக்கு மட்டும் தெரிவதுபோல. எங்கள் வரிசையில் ஃபோனைக் கையில் வைத்திருந்த ஒரு அப்பா அதைக் கவிழ்த்து மடியில் வைத்தார், கடைசிவரை எடுக்கவில்லை.

டிசம்பர் கச்சேரி. முதலில் பேண்ட், பிறகு கோரஸ், கடைசியில் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா. ஒன்பதாம் வகுப்பு பேண்ட் இன்னும் ஒன்றாக மூச்சு விடக் கற்கவில்லை, அது போகப் போக வரும். கோரஸ் சுத்தமாகப் பாடியது, ஆனால் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஒரே வேகத்தில் ஒரே மாதிரி இருந்தன. ஆர்கெஸ்ட்ரா வாசித்தது குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டின் ‘செயின்ட் பால்ஸ் ஸூட்’. ஹோல்ஸ்ட் லண்டனில் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905 முதல் 1934-ல் சாகும்வரை இசை ஆசிரியராக இருந்தவர், இதை அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதற்காகவே எழுதினார். நம்மவர்களுக்கு ஒரு தகவல்: அவர் சமஸ்கிருதம் படித்து, ரிக் வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்தவர், சாவித்திரி கதையை ஒரு சின்ன ஓபராவாகவும் எழுதியிருக்கிறார்.

இந்த ஸூட்டின் கடைசிப் பகுதியில் ஒரு துள்ளல் நாட்டுப்புற மெட்டு விடாமல் சுற்றிச் சுற்றி வரும். அதற்குக் கீழே ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டு மெதுவாக, நீளமாக நுழையும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். வயலின்காரர்கள் தங்கள் வேகத்தில் ஓடிவிட்டால் செல்லோ காணாமல் போகும், செல்லோ இழுத்தால் வயலின் தடுமாறும். வீட்டில் மகள் இதற்காக வாரக்கணக்கில் மெட்ரோனோம் வைத்துப் பயிற்சி செய்தாள், ஆனால் மேடையில் மெட்ரோனோம் கிடையாதே. அன்றைக்குச் செல்லோக்கள் நுழைந்த இடத்தில் முதல் வயலின்கள் எல்லாம் வில்லைத் தளர்த்திச் சத்தத்தைக் குறைத்தார்கள், நடத்துநர் கையைக் காட்டுவதற்கு முன்பே. பதினைந்து வயதில் தன் பக்கத்துச் சத்தத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளத் தெரிவது சாதாரணம் இல்லை.

இங்கே ஒரு மனக்குறை, நம் பெற்றோர்களிடம்தான். பேண்ட் வாசித்து முடிந்ததும் பேண்ட் பிள்ளைகளின் பெற்றோர் எழுந்து போய்விட்டார்கள். கோரஸ் முடிந்ததும் கோரஸ் பெற்றோர். கடைசியில் ஆர்கெஸ்ட்ரா உட்காரும்போது அரங்கில் பாதி நாற்காலி காலி. வாசிக்கப் போகும் பிள்ளைகள் மேடையிலிருந்து அதைப் பார்க்கிறார்கள். மறுநாள் வேலை இருக்கும், சின்னக் குழந்தைக்குத் தூக்கம் வரும், எல்லாம் சரி. ஆனால் உங்கள் மகளுக்குக் கைதட்டிய மற்றவர்களின் பிள்ளைகளுக்கு நீங்களும் இருந்து கைதட்ட வேண்டும் அல்லவா. மே மாதக் கச்சேரியில் இதைத் தடுக்க எல்லாக் குழுக்களும் சேர்ந்து வாசிக்கும் ஒன்றைக் கடைசியில் வைத்தார்கள், கூட்டம் அப்படியே இருந்தது. டிசம்பரிலும் இனிமேல் அப்படியே செய்யட்டும்.

ஜனவரி ஓரங்க நாடகங்கள் கோரஸ் வகுப்பறையில், கறுப்புத் துணி கட்டி நடந்தன. ஐந்து டாலர். எழுதியது, இயக்கியது, லைட் போட்டது எல்லாம் மாணவர்கள். மூன்று நாடகங்களில் இரண்டு சுமார், பரீட்சை பயத்தைப் பற்றி இந்த வயதில் எல்லோரும் எழுதுவதுதான். மூன்றாவது, இரவு நேரத்தில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் இரண்டு பேரைப் பற்றியது. நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது, ஆள்தான் போட வேண்டும் என்பது சட்டம், அதனால் இந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய கதை. எழுதிய பெண் பதினோராம் வகுப்பு. அவளை எழுதச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்று அவள் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது மார்ச் மாதத்துக்கு வருகிறேன். ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’. ஷோலெம் அலெய்கெம் என்ற எழுத்தாளர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியில் எழுதிய பால்காரர் தெவ்யேயின் கதைகள்தான் இதற்கு அடிப்படை. ஜெர்ரி பாக் இசை, ஷெல்டன் ஹார்னிக் பாடல்கள், ஜோசப் ஸ்டெயின் வசனம். 1964-ல் பிராட்வேயில் தொடங்கி 3,242 காட்சிகள் ஓடியது. 1905 வாக்கில் ரஷ்யப் பேரரசில் அனதெவ்கா என்ற சின்ன யூத ஊர், ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற ஏழை அப்பா, வரன் கொண்டுவரும் தரகர் அம்மாள், காசுள்ள கசாப்புக்கடைக்காரருக்குப் பெரியவளைப் பேசி முடிக்கிறார்கள், அவளோ தையல்காரப் பையனை விரும்புகிறாள். இரண்டாவது பெண் புரட்சிக்காரன் பின்னால் சைபீரியாவுக்கே போகிறாள். மூன்றாவது பெண் வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், அங்கே அப்பா உடைந்துபோகிறார். ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? நம்மவர்கள் அரங்கில் நிறையப் பேர். முதல் பாதியில் தரகர் அம்மாள் வரும்போதெல்லாம் சிரிப்பு அதிகமாகக் கேட்டது நம் பக்கத்திலிருந்துதான்.

எனக்கு முன் வரிசையில் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, மகளோடு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியவில்லை, மகள் காதோடு சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது பெண் ஹாவா வழியில் வந்து நின்று அப்பாவிடம் கெஞ்சுகிறாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார். அப்போது மகள் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மாவே கேட்டார்: “ஏன்டி, அந்தாளு திரும்பிப் பார்க்கவே மாட்டானா?” “இல்லம்மா, பார்க்கமாட்டார்.” “பெத்த புள்ளைடி அது.” அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அந்த வரிசையில் வேறு யாரும்கூட அசையவில்லை.

தெவ்யேயாக நடித்த பையன் நல்ல உயரம், நல்ல குரல், கடவுளோடு தனியாகப் பேசும் இடங்களில் மேலே பார்த்துக் கத்தாமல் பக்கத்தில் நிற்பவரிடம் முறையிடுவதுபோல் பேசினான். சிரிப்பு வசனங்களை மட்டும் வேகமாக விட்டுவிட்டான், அரங்கம் சிரித்து முடிக்கும் முன்பே அடுத்த வரி வந்துவிட்டது. தெவ்யேயின் மனைவி கோல்டியாக வந்த பெண் அவனைவிடத் தேர்ந்தவள். மனைவியை நம்பவைக்க அவன் பொய்க் கனவு சொல்லும் காட்சியில் மேடை முழுக்கப் பேய்கள், புகை, வெள்ளைத் துணி, கூச்சல். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்த காட்சி என்பது தெரிந்தது, ஆனால் அந்த அமளிக்கு நடுவிலும் எனக்குக் கண் போனது கட்டிலில் போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோல்டியிடம்தான். ஒவ்வொரு பேய்க்கும் அவள் பயம் வேறு வேறாக இருந்தது.

ஒலி அமைப்புதான் பெரிய குறை. கன்னத்தில் ஒட்டும் வயர்லெஸ் மைக்குகள், இடுப்பில் பெட்டி. ஒவ்வொருவர் பேச ஆரம்பிக்கும்போதும் அவர் மைக்கைத் திறக்க வேண்டும், முடிந்ததும் மூட வேண்டும், இல்லையென்றால் மேடைக்குப் பின்னால் அவர் தண்ணீர் குடிப்பதுகூட அரங்கில் கேட்கும். வெள்ளிக்கிழமைக் காட்சியில் மைக் திறப்பது பாதி நேரம் ஒரு நொடி தாமதம், அந்த வசனங்களில் எல்லாம் முதல் சொல் காணாமல் போனது. வேர்வையில் இரண்டு மைக் கரகரத்தது. ஒலிப்பலகையில் இருந்த பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை மைக்கையும் முழு இசைக்குழுவோடு சேர்த்து அவர்கள் கையாண்டு பழக டெக் வீக் என்று ஒரே வாரம்தான் கொடுக்கிறார்கள். அது போதாது. ஆடை, செட் எல்லாவற்றுக்கும் ஜனவரியிலேயே வேலை தொடங்குகிறது, ஒலிக்கு மட்டும் கடைசி வாரமா? ஊரைக் காட்டும் மரவீடுகளைச் சுழலும் மேடையில் ஏற்றியிருந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் கிறீச் என்று சத்தம், அது நிற்கும்வரை பிள்ளைகள் பேசக் காத்திருந்தார்கள். அந்தச் செலவில் பாதியை ஒலிக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் பாருங்கள், அன்றைக்குச் சிறந்த நிமிடம் வந்ததும் இந்தக் குறையால்தான். இரண்டாம் பாதியில், இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய பிறகு தெவ்யே மனைவியிடம் உனக்கு என்மேல் பிரியம் உண்டா என்று கேட்கும் பாட்டு. கோல்டியின் மைக் நின்றேபோனது. அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. துணி மடிக்கும் வேலையோடு முன்மேடைக்கு வந்தாள், அவனும் கூடவே வந்தான், தன் குரலை அவள் அளவுக்கு இறக்கினான். பிட்டில் நடத்துநர் கையைத் தாழ்த்தினார், வயலின் எல்லாம் அடங்கியது. மைக் இல்லாத அந்தக் குரல் பின்வரிசைவரை தெளிவாகக் கேட்டது. நவம்பரில் அவரைக்காய்க் காட்சியில் பார்த்த அதே கவனம். இவர்களுக்கு இது தெரியும், மைக்கும் செட்டும்தான் இடையில் வந்து நிற்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைமேல் பாட்டிலை வைத்து ஆடும் நடனத்தைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாணக் காட்சியில் தொப்பிமேல் பாட்டிலை வைத்துக்கொண்டு, கையைக் கோத்து, முட்டி போட்டு வரிசையாக நகர வேண்டும். ஜெரோம் ராபின்ஸ் அமைத்த நடனம், தவறினால் எல்லோருக்கும் தெரியும். இங்கே நாலு பையன்கள் ஆடினார்கள், அதில் இரண்டு பேர் பள்ளியின் மல்யுத்த அணி, சீசன் முடிந்து வந்து சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை ஒருவனின் பாட்டில் சாய்ந்து விழப்போனது. அவன் கையால் பிடித்து, வரிசையை விட்டு விலகி, ஓரத்தில் நின்று மற்ற மூவருக்கும் தாளம் தட்டினான். கல்யாண வீட்டில் அப்படித்தானே நடக்கும். சனிக்கிழமை மறுபடியும் போனேன், நாலும் நின்றது, கைதட்டல் ஓயவே இல்லை.

பிட்டைப் பற்றி இரண்டு வரி, சொந்தம் இருப்பதால் சுருக்கமாக. பல பள்ளிகள் இப்போது பதிவுசெய்த இசையைப் போட்டுவிடுகின்றன, செலவு குறைவு, தடுமாறாது. இங்கே இன்னும் பிள்ளைகளே வாசிக்கிறார்கள். கிளாரினெட் வாசித்த பையனுக்குக் கல்யாணக் காட்சியில் நீளமான பகுதி, அந்த அழுவது மாதிரி வளைக்கும் சுரங்களைச் சுத்தமாகப் பிடித்திருந்தான். மேடையில் ஒருத்தி பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டுத் தாவியபோது பிட்டும் அவளோடு தாவியது. பதிவுசெய்த இசை யாருக்காகவும் தாவாது.

ஒரு விஷயம் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன்: தெவ்யே குடும்பத்தில் கொரியப் பிள்ளை, குஜராத்திப் பிள்ளை, கறுப்பினப் பிள்ளை எல்லோரும் இருந்தார்கள். யூதக் குடும்பத்தின் கதை என்பதை மழுப்பாமல், நிகழ்ச்சிக் கையேட்டில் ரஷ்யாவில் யூதர்கள்மேல் நடந்த படுகொலைகளைப் பற்றி மாணவர்கள் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தார்கள். யூதர்களின் வார ஓய்வுநாளான சப்பாத்துக்குரிய பிரார்த்தனைப் பாட்டில் மெழுகுவத்திமேல் கையைச் சுற்றிக் கண்ணை மூடும் முறையைக்கூடக் கற்றுச் செய்தார்கள். கடைசியில் மூன்று நாளில் ஊரைக் காலிசெய்யச் சொல்லி உத்தரவு வந்து, ஆளுக்கு ஒரு மூட்டையோடு எல்லோரும் நடக்கும்போது, அந்த மேடையில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை உண்டு என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவிலேயே யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது, அவர்களும் அன்று வந்திருந்தார்கள்.

மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குறைத்திருக்கலாமே என்று இடைவேளையில் சிலர் கேட்டார்கள். முடியாது. உரிமம் கொடுக்கும் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒரு வசனத்தைக்கூட வெட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். ஃபோனில் படம் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சுவதும் அதே காரணத்தால்தான், தயவுசெய்து கேளுங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை நான் கூட்டிப்போக மாட்டேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் தடுமாற்றம் இருக்கும், ஞாயிறு மதியம் தொண்டை களைத்துப் போயிருக்கும், சனிக்கிழமை இரவுதான் சரி. முன் மூன்று வரிசை வேண்டாம், பிட் சத்தத்தில் பாட்டு கேட்காது. நடுவில், எட்டாவது வரிசைக்குப் பின்னால் எடுங்கள். இடைவேளையில் பூஸ்டர் சங்கத்துப் பெற்றோர் தண்ணீரும் மிட்டாயும் விற்பார்கள், அந்தக் காசுதான் அடுத்த ஆண்டு உரிமத்துக்குப் போகிறது, வாங்குங்கள். ரொக்கமாகக் கொண்டுபோங்கள். கார் நிறுத்த அரைமணி முன்னால் போய்விடுங்கள்.

அப்புறம், நம் பெற்றோருக்கு. மேடையில் நம் பிள்ளைகள் வரவர அதிகமாகிறார்கள், சந்தோஷம். ஆனால் பத்தாம் வகுப்புவரை நடித்துவிட்டுப் பதினொன்றில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி பரீட்சை என்று நிறுத்திவிடுகிறோம். நவம்பர் நாடகத்தில் ஜார்ஜின் அப்பாவாக நடித்த தமிழ்ப் பையன் மார்ச் ஆடிஷனுக்கு வரவில்லை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவன் வீடு. அவன் அப்பாவிடம் கேட்டேன். “படிப்பு இருக்குங்க” என்றார். பதினாறு பார் (தாளக்கட்டு) நீளத்துக்குப் பாட்டு ஒன்று, ஒரு பக்கம் வசனம், ஆடிஷன் என்பது அவ்வளவுதான், தேறாவிட்டாலும் மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கும் க்ரூவில் சேர்ந்து பெயிண்ட் அடிக்கலாம், லைட் தூக்கலாம். ஞாயிறு கடைசிக் காட்சி முடிந்ததும் நடித்தவர்கள், வாசித்தவர்கள், லைட் போட்டவர்கள் எல்லோரும் வேடத்தைக் கலைத்துவிட்டு, ட்ரில்லை எடுத்துக்கொண்டு அந்த மரவீடுகளை எல்லாம் பிரித்துப்போட்டார்கள், தெவ்யே குப்பை அள்ளினான். வாரம் முழுக்கத் தூங்காத பிள்ளைகள். மறுநாள் திங்கட்கிழமை வகுப்பு.

அடுத்த நவம்பர் நாடகத்துக்கு ஆடிஷன் செப்டம்பர் இரண்டாவது வாரம் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பையனின் அப்பாவுக்கு அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.